வானில் பறந்தவரின் கூலிப் பாக்கி

(மரக்காணம் உப்பளப் பகுதியில், தொழிலாளர் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உப்பளத்து ஊருக்கு வந்து ஆகாய விமானிகளைப் பற்றிப் பேசுகிறானே, இதென்ன பொருத்தம் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். "மாதம் லட்சக்கணக்கில் ஊதியம் பெற்றவர்கள் அவர்கள், வெயிலில் வெந்து, கால் வெடித்து, பாத்தியில் உப்பு வாரும் எமக்கும் அவர்களுக்கும் என்ன உறவு?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். உறவு உண்டு என்பதைச் சொல்லவே வந்தேன்.

அளம் என்றால் உப்பு விளையும் இடம். சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாக அளக்கப்பட்ட காலத்தில், சம்பாவும் அளமும் கூடிச் சம்பளம் ஆயிற்று என்று சொல்வாருண்டு. சொல்லாராய்ச்சியாளர் எல்லோரும் இதனை ஒப்புவதில்லை, ஒப்பாவிட்டால் போகட்டும். உழைத்த பின் வந்து சேர வேண்டியது அது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. அந்தச் சம்பளம் வராமற்போன கதையைக் கேளுங்கள்.

1993-ஆம் ஆண்டு பறக்கத் தொடங்கியது ஜெட் ஏர்வேஸ் கம்பெனி. 2009-இல் அதன் விமானிகள் இருவர் வேலை நீக்கப்பட்டனர். சங்கம் அமைத்ததே நாங்கள் செய்த குற்றம் என்றனர் விமானிகள். நூற்றுக்கணக்கானோர் உடல்நலமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தனர். சங்கம் நிலைத்தது. 2018-இல் கம்பெனி தள்ளாடியபோது, ஊதியத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பேச்செழுந்தது, மறுத்தனர். குறைப்பதற்கு இசையாதவர்களுக்குப் பிறகு கொடுப்பதையே நிறுத்தினர்! 2019 ஜனவரி முதல் விமானிகளுக்குச் சம்பளம் இல்லை. ஏப்ரல் முதல் நாளிலிருந்து பறக்கமாட்டோம் என்றனர். கம்பெனி பிழைக்கட்டும் என்று அந்த நாளையும் தாமே தள்ளி வைத்தனர். ஏப்ரல் 17-ஆம் நாள் இரவு அமிர்தசரசிலிருந்து மும்பைக்குப் பறந்ததே கடைசி விமானம். அவசரக் கடன் தர பாங்குகள் மறுத்துவிட்டன. ஆயிரமாயிரம் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

அதற்கு 7 ஆண்டுகளுக்கு முன், 2012-இல், கிங்ஃபிஷர் கம்பெனியிலும் இதே காட்சி: மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி, வேலை நிறுத்தம், உரிமம் நிறுத்தி வைப்பு. முதலாளி 2016-இல் நாட்டை விட்டே போய்விட்டார். பாக்கி இங்கேயே நின்றது.

விமானி அன்றே வேறு கம்பெனிக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். அங்கேதான் ஒப்பந்தத்தின் இலட்சணம் தெரிகிறது. வேலையை விட விரும்பும் கேப்டன் ஓராண்டுக்கு முன்னரே அறிவிப்புத் தரவேண்டும் என்று 2017-இல் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விதித்தது. துணை விமானிக்கு 6 மாதம். 2023-இல் ஆகாசா கம்பெனியின் விமானிகள் சிலர் அறிவிப்புக் காலம் முடியுமுன் விலகினர்; கம்பெனி பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து நஷ்டஈடு கேட்டது. தொழிலாளி வாக்குத் தவறினால் நஷ்டஈடு! முதலாளி வாக்குத் தவறினால்? அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'நொடிப்பு நிலை'.

2016-ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டம் வரிசை ஒன்று வகுத்திருக்கிறது. கம்பெனியைக் கலைத்து விற்றால் வரும் பணத்தில், நடவடிக்கைச் செலவு முதலில். அடுத்து, ஈடு பெற்றுக் கடன் தந்த பாங்கும், 24 மாதக் கூலிப் பாக்கி வரையில் தொழிலாளரும் சமமாக. தொழிலாளர் என்ற வரையறைக்குள் வராத ஊழியருக்கு அதற்கும் கீழே, அதுவும் 12 மாதப் பாக்கி மட்டும். வரிசை இருக்கிறது, பந்தியில் சோறு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஜெட் கம்பெனியை எடுத்து நடத்துவோம் என்று வந்த கூட்டணியின் திட்டம் 2021-இல் ஏற்கப்பட்டது, விமானம் எழும்பவில்லை. 2024 நவம்பர் 7-ஆம் நாள் உச்சநீதிமன்றம், கம்பெனியைக் கலைத்துவிடுக என்று ஆணையிட்டது. ஐந்தரை ஆண்டு!

இனி விமானத்தை வாடகைக்கு விட்டவரின் கதை. கோ பர்ஸ்ட் கம்பெனி 2023 மே மாதம் தானே நொடிப்பு மனுப் போட்டது. வாடகை விமானங்கள் சிக்கிக்கொண்டன. உலகத்து வாடகைக் கம்பெனிகள் கூக்குரலிட்டன. ஐந்தே மாதம்! அக்டோபர் 3-ஆம் நாள் மத்திய சர்க்கார் அறிவிக்கை வெளியிட்டு, விமானத்துக்கும் எஞ்சினுக்கும் அந்தத் தடை பொருந்தாது என்றது. 2025-இல் தனிச் சட்டமே வந்தது. இரும்புக்கு இத்தனை வேகம். இரும்பை ஓட்டியவனுக்கு இல்லை.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இதே நீதிதான். 1983-இல் காண்டினென்டல் கம்பெனி, நொடிப்பு நீதிமன்றத்துக்குள் புகுந்து சங்கத்தின் ஒப்பந்தங்களைக் கிழித்தெறிந்து, ஊதியத்தைப் பாதியாக வெட்டியது. 2009 ஜனவரியில், எஞ்சின்கள் செயலிழந்த விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 உயிர்களைக் காத்த கேப்டன் சல்லன்பர்கரை உலகமே புகழ்ந்தது. அடுத்த மாதம் அவர் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழுவின் முன் சென்று, என் ஊதியம் 40 சதவீதம் வெட்டப்பட்டது, ஓய்வூதியமும் பறிபோனது என்றார். அவருடைய கம்பெனி 2002-இலும் 2004-இலும் நொடிப்பு நீதிமன்றத்தை நாடிய கம்பெனி. மாலை கழுத்தில், வெட்டு வயிற்றில்.

ஆனால், விமானிகள் தோற்றே போனார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஜெட் ஊழியர்களின் சேமநிதியும் பணிக்கொடையும் முழுமையாகத் தரப்பட வேண்டும் என்று 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அவர்கள் வழக்காடினர். வழக்காட அவர்களிடம் நியமனக் கடிதம் இருந்தது, சம்பளச் சீட்டு இருந்தது, சேமநிதி எண் இருந்தது.

உங்களிடம் என்ன இருக்கிறது?

ஐப்பசி மழையில் பாத்தி கரைந்தால் வேலை நின்றது. உப்பு விலை விழுந்தால் "பிறகு பார்க்கலாம்" என்பார் குத்தகைதாரர். அவர் எந்தத் தீர்ப்பாயத்துக்கும் போகமாட்டார். அவருக்கு அது தேவையுமில்லை. எத்தனை நாள் உழைத்தீர், எவ்வளவு பாக்கி என்று எழுதிய ஏடு உங்கள் கையில் இல்லாதவரை, அவர் சொல்வதே கணக்கு. மழைக்கால மூன்று மாதத்துக்கு உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் தரும் திட்டத்தை மாநில அரசு 2022-இல் தொடங்கியது, நல்லதுதான். அந்த உதவியைப் பெறுவதற்கும், நான் உப்பளத் தொழிலாளி என்று காட்டும் தாள் வேண்டுமே!

லட்சம் வாங்கியவனுக்கே நடந்தது இது என்று சிலர் உள்ளூர மகிழ்வதையும் கேட்டிருக்கிறேன். வேண்டாம் அந்த மகிழ்ச்சி. கேப்டனின் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையே காற்றில் விட்டவர்கள், உங்களுடைய வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்புத் தருவார்கள்?

ஆகவே இன்றைய தீர்மானம் ஒன்றே ஒன்று: ஒவ்வோர் அளத்திலும் வருகைப் பதிவேடு, கூலிச் சீட்டு, வாரந்தோறும் கையெழுத்து. உங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் பலர் இருக்கிறார்கள். ஏட்டை அவர்கள் வசம் ஒப்படைக்கலாம் என்பது என் கருத்து. தீர்மானத்தின் வாசகத்தை இப்போது படிப்பார்கள். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.