அவர்கள் பள்ளியின் வாசலில் நம் பிள்ளைகள்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் கடைவீதிகளில் ஒரே பேச்சுதான். "பையனுக்கு எங்கே சீட் வாங்கினீர்கள்? எவ்வளவு ஆனது?" வசதி பெருகிய குடும்பங்களில் இப்போது அந்தப் பேச்சு மலைமேல் ஏறிவிட்டது. கொடைக்கானல், ஊட்டி, முசூரி என்று கிறிஸ்தவ சர்வதேசப் பள்ளிகளின் பெயர்கள் அடிபடுகின்றன. வருடத்திற்குப் பல லட்சம் கட்டணம். வளைகுடாவிலும் மலேசியாவிலும் சம்பாதித்த பணம் அங்கே போகிறது.

இடம் கிடைத்தவர் பெருமைப்படுகிறார். கிடைக்காதவர், "கிறிஸ்தவர்களுக்கு மட்டும் கொடுக்கிறார்கள், நம்மை ஒதுக்குகிறார்கள்" என்று பள்ளிவாசல் திண்ணையில் குமுறுகிறார். இடம் கிடைத்த இன்னொருவர், "பிள்ளையை ஜெபக்கூட்டத்தில் உட்கார வைக்கிறார்கள்" என்று நம்மிடம் வந்து முறையிடுகிறார். இந்த இரண்டு முறையீடுகளையும் உணர்ச்சிவசப்படாமல் எடைபோட்டுப் பார்ப்போம்.

யாருக்காகக் கட்டிய பள்ளி?

முசூரியில் உள்ள உட்ஸ்டாக் பள்ளி 1854-ல் தொடங்கப்பட்டது. நீலகிரியின் ஹெப்ரான் பள்ளி 1899-லும், கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி 1901-லும் தொடங்கப்பட்டவை. கொடைக்கானலில் அதைத் தொடங்கியவர்கள் அமெரிக்க மிஷனரிகள். ஊர் ஊராகப் போய்த் தங்கள் மதத்தைப் பரப்பிய அவர்கள், தம் பிள்ளைகளின் படிப்பு கெட்டுவிடக்கூடாது என்று குளிர்ந்த மலையில் விடுதியோடு பள்ளி கட்டினார்கள். பிறகுதான் மற்றவர்களுக்கும் கதவைத் திறந்தார்கள். 1976-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஐ.பி. என்னும் சர்வதேசப் பாடத்திட்டம் அங்கேதான் வந்தது.

சிந்தித்துப் பாருங்கள். தன் சமுதாயத்துப் பிள்ளைகளுக்காக ஒருவன் கட்டிய வீட்டில் அவன் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுப்பது அநீதியா?

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சட்டத்தின் 30(1) பிரிவு, மதச் சிறுபான்மையினரும் மொழிச் சிறுபான்மையினரும் விரும்பிய கல்வி நிலையங்களை நிறுவி நிர்வகிக்கலாம் என்கிறது. 29(2) பிரிவு, அரசு நிதியில் நடக்கும் அல்லது அரசு உதவி பெறும் நிலையத்தில் மதம், இனம், சாதி, மொழியை மட்டும் காரணம் காட்டி எவருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது. இந்த இரண்டும் மோதும்போது என்ன செய்வது? 1991-ல் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், உதவி பெறும் சிறுபான்மைக் கல்லூரி தன் சமுதாயத்தவருக்கு 50 சதவீதம் வரை ஒதுக்கலாம் என்றது. 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் கூடி, விகிதத்தை அந்தந்த மாநிலத்தின் தேவையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார்கள். 2005-ல் இனாம்தார் வழக்கில், உதவி பெறாத தனியார் கல்லூரிகள் மீது அரசு தன் ஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது, ஆனால் சேர்க்கை நேர்மையாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும், கட்டாய நன்கொடை கூடாது என்று தீர்ப்பு வந்தது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடம் கேட்கலாமே என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். 2014-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று கூறிவிட்டது. 2025-ல் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பு சரிதானா என்று ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பரிசீலிக்க வேண்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. அந்த ஐயம் எழுந்த வழக்கில் வந்து நின்றது ஒரு முஸ்லிம் அறக்கட்டளை!

புரிகிறதா சகோதரர்களே? கிறிஸ்தவப் பள்ளிக்கு நிழல் தரும் மரமும் நம் பள்ளிக்கு நிழல் தரும் மரமும் ஒன்றுதான். அவர்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கட்டும் என்று நாம் கிளையை வெட்டினால் நாளை வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரிக்கும், திருச்சி ஜமால் முகமது கல்லூரிக்கும், சென்னை புதுக்கல்லூரிக்கும் நிழல் எங்கிருந்து வரும்?

மார்க்கம் காட்டும் வழி

பிற மதத்தவரிடம் படிக்கலாமா என்று இன்னும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பத்ருப் போர்க் கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மதீனத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்ற வரலாற்றை மீலாது மேடைகளில் நாமே சொல்கிறோம். ராமேஸ்வரத்து மரைக்காயர் வீட்டுப் பிள்ளை அப்துல் கலாம், ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியிலும் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் படித்தவர்தான். இரண்டும் கிறிஸ்தவ நிலையங்கள்.

ஆனால் அபிசீனியா வரலாற்றையும் மறக்காதீர்கள். நஜ்ஜாஷி என்ற கிறிஸ்தவ மன்னரிடம் அடைக்கலம் தேடிப் போன ஜஃபர் (ரலி) அவர்கள், அரசவையில் தம் கொள்கையை மறைக்கவில்லை. ஈசா நபியைப் பற்றி நாம் என்ன நம்புகிறோம் என்பதைப் பணிவோடும் தெளிவோடும் எடுத்துச் சொன்னார்கள். அவர்களுடைய நிழலில் ஒதுங்கிய நேரத்திலும் நாம் நாமாக இருக்க வேண்டும் என்பதே அதில் உள்ள படிப்பினை.

கையெழுத்துக்கு முன்

இந்தத் தெளிவு நம் வியாபாரிகளிடம் இல்லை. ஒரு லோடு சரக்கு இறக்கினால் பில்லை இரண்டு முறை பார்க்கிற நீங்கள், பிள்ளையை ஒப்படைக்கும் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறீர்கள்! பள்ளியின் விளக்கக் கையேட்டில் விதிகள் அச்சாகியிருக்கும். அதைப் படித்து, புரியாததை முன்கூட்டியே கேளுங்கள்.

ஒன்று: வழிபாடு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற நிலையத்தில், பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல் சிறுவரை மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்கக் கூடாது என்கிறது 28(3) பிரிவு. சம்மதத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு புலம்புவதில் பயனில்லை. 1986-ல் கேரளத்தின் யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று கிறிஸ்தவப் பிள்ளைகள், தங்கள் மனசாட்சிப்படி தேசிய கீதத்தைப் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்றதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டபோது, உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அந்த நீதி நம் பிள்ளைக்கும் உண்டு.

இரண்டு: உடை. 2018-ல் கேரள உயர் நீதிமன்றம், கிறிஸ்தவ நிர்வாகப் பள்ளியில் முக்காடு அணிய அனுமதி கேட்ட மாணவிகளின் வழக்கில், பள்ளி நிர்வாகத்தின் உரிமையே மேலோங்கும் என்றது. தீர்ப்பெழுதியவர் ஒரு முஸ்லிம் நீதிபதி. ஆகவே பெண் பிள்ளையின் முக்காடு பற்றிச் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் வேறு பள்ளி பாருங்கள். பாதி வருடத்தில் சண்டை போட்டால் இழப்பு பிள்ளைக்குத்தான்.

மூன்று: ஜும்ஆ, நோன்பு, உணவு. விடுதியில் ஹலால் இறைச்சி கிடைக்குமா? சஹர் நேரத்துக்கு ஏற்பாடு உண்டா? வெள்ளிக்கிழமை வெளியே அனுப்புவார்களா?

நான்கு: பாடம். ஐ.பி. படித்த பிள்ளை மருத்துவம் போக வேண்டுமானால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஐந்து: கட்டணம். ரசீது இல்லாத பணம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கட்டாய நன்கொடையைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது.

நம் வாசல் எப்படி இருக்கிறது?

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மதச் சிறுபான்மையினரில் கிறிஸ்தவர்கள் 11.54 சதவீதம். மதச் சிறுபான்மைப் பள்ளிகளில் அவர்கள் நடத்துவது 71.96 சதவீதம். முஸ்லிம்கள் 69.18 சதவீதம். நாம் நடத்துவது 22.75 சதவீதம்! கிறிஸ்தவப் பள்ளிகளின் மாணவர்களில் 74 சதவீதம் பேர் கிறிஸ்தவர் அல்லாதவர்கள். நம்மை ஒதுக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இந்தக் கணக்கே பதில்.

சிறுபான்மைச் சான்றிதழை வாங்கிச் சுவரில் மாட்டிக்கொண்டு, மீன் விற்பவரின் மகளிடமும் பீடி சுற்றும் தாயின் மகனிடமும் நன்கொடை கேட்கிற நிலையம் நம்மிடம் ஒன்றுகூட இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? 30-வது பிரிவு சமுதாயத்தின் ஏழைப் பிள்ளைக்காக வந்தது. அதை அறங்காவலர் குடும்பத்தின் சொத்துரிமையாக மாற்றினால், கிறிஸ்தவப் பள்ளியை நோக்கி விரல் நீட்ட நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

கல்யாண மண்டபத்திற்கு ஒரே இரவில் செலவழிக்கும் பணத்தில் எத்தனை பிள்ளைகளின் வருடக் கட்டணம் அடங்கும் என்று கணக்குப் போட வியாபாரிகளுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆகவே மூன்று வேலைகள். ஒவ்வொரு ஜமாஅத்திலும் படித்த இளைஞர்கள் நான்கு பேர், கோடை விடுமுறை தொடங்கும் முன்பே சேர்க்கை விண்ணப்பங்களைப் படித்துப் பெற்றோருக்கு விளக்க வேண்டும். வணிகர்கள், தம் மகனை மலைப்பள்ளிக்கு அனுப்பினால், தெருவிலுள்ள ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்புச் செலவையும் ஏற்க வேண்டும். நம் நிலையங்களின் அறங்காவலர்கள், யாருக்கு எந்த அடிப்படையில் இடம் கொடுத்தார்கள் என்ற பட்டியலை ஆண்டுதோறும் பள்ளிவாசல் பலகையில் ஒட்ட வேண்டும். ஒட்ட மறுப்பவரிடம் காரணம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பிறர் வாசலில் கண்ணியத்தோடு நிற்கவும், நம் வாசலை நீதியோடு திறக்கவும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.