நல்லவர் கொண்டுவந்த திட்டம்



கூட்டு என்றால் என்ன என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்துக் குடும்பங்கள் மாதம் நூறு வெள்ளி போடும். மாதம் ஒருவர் ஆயிரம் வெள்ளியை எடுப்பார். பிள்ளையின் படிப்பும் மகளின் திருமணமும் அதில் நடந்திருக்கின்றன. கூட்டைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் அக்கம்பக்கத்தார் அதில் பணம் போடுவது எதை நம்பி? காகிதமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. "அண்ணன் இருக்கிறார்" என்ற சொல்தான் பத்திரம்.

அந்தச் சொல்லைத்தான் வேறு சிலர் தம் வியாபாரத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

2017-ஆம் ஆண்டில் நம் பினாங்கின் பெயர் பணவிளையாட்டுகளால் நாடு முழுவதும் அடிபட்டது. ஜே.ஜே.பி.டி.ஆர். என்ற நிறுவனம் இங்கிருந்து நடந்தது. சாதாரண மக்களைக் காப்பாற்றுவோம் என்பதே அதன் பெயருக்குப் பொருள். அந்நியச் செலாவணி வியாபாரத்தில் மாதம் நூற்றுக்கு இருபது தருவதாகச் சொன்னார்கள். ஏப்ரல் மாதத்தில் பணம் நின்றது. யாரோ கணினிக்குள் புகுந்து திருடிவிட்டதாக நிறுவனர் சொன்னார். மே மாதம் போலீஸ் அவரைக் கைது செய்தது. அதே ஆண்டில் எம்.பி.ஐ. என்ற மற்றொரு பினாங்கு நிறுவனத்தின் வங்கிக் கணக்குகளும் முடக்கப்பட்டன. பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் இரண்டு பெயர்களும் ஏறின.

மாதம் இருபது விழுக்காடு என்றால் எவ்வளவு என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஆயிரம் வெள்ளியை எடுக்காமல் விட்டுவைத்தால் ஓராண்டில் 8,916 வெள்ளி. மூன்றாண்டில் ஏழு லட்சத்துக்கும் மேல். இப்படிக் காய்க்கும் ரப்பர் மரமும் இல்லை, செம்பனையும் இல்லை. பின்னால் வருபவரின் பணத்தை முன்னால் வந்தவருக்குக் கொடுப்பதுதான் இதன் சூட்சுமம். 1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி 45 நாளில் பாதிப் பங்கு லாபம் என்றார். 1980-களில் தைப்பிங்கில் பாக் மான் தெலோ மாதம் நூற்றுக்குப் பத்து என்றார். கணக்கு ஒன்றுதான். ஒருவர் ஐவரைச் சேர்க்க, அந்த ஐவரும் ஆளுக்கு ஐவரைச் சேர்த்துக்கொண்டே போனால், ஒன்பதாவது சுற்றில் 19 லட்சத்து 53 ஆயிரம் பேர் வேண்டும். பினாங்கு மாநிலத்தில் அத்தனை பேர் இல்லை!

சரி, ஏமாற்றியவர்களைப் பற்றிப் பேச நீதிமன்றம் இருக்கிறது. நாம் பேச வந்தது இடையில் நிற்கும் மனிதரைப் பற்றி.

ஒரு தோட்டத்தில் கோயில் கமிட்டிப் பொருளாளர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உண்டியல் காசில் ஒரு சென் குறைந்ததில்லை. துக்க வீடென்றால் முதலில் நிற்பவர். அவர் ஐயாயிரம் போட்டார். மூன்று மாதம் பணம் வந்தது. 'நாம் மட்டும் அனுபவிக்கலாமா?' என்று தங்கையைச் சேர்த்தார். பக்கத்து லயத்து விதவையைச் சேர்த்தார். அந்த அம்மாள் சேமநிதிப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆள் சேர்த்ததற்குப் பொருளாளருக்குக் கமிஷனும் வந்தது. ஆறாம் மாதம் எல்லாம் போயிற்று. அவருடைய ஐயாயிரமும் போயிற்று.

"பாவம், அவரும் ஏமாந்தவர்தானே!" என்று ஊர் சொல்லும். பாதி உண்மை. தம் பணத்தைப் பொறுத்தவரை அவர் ஏமாந்தவர். அந்த அம்மாளின் பணத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு. ஜார்ஜ் டவுனிலிருந்து கோட்டும் டையும் அணிந்து யாராவது வந்திருந்தால் அந்த லயத்தில் பத்து வெள்ளி பெயர்ந்திருக்குமா? கதவைத் திறந்தது பொருளாளரின் நல்ல பெயர். ஆகவே "அவர் நல்லவராயிற்றே" என்பது அவரை விடுவிக்கும் வாதமாகாது. அவர் நல்லவராக இருந்ததால்தான் அந்தத் திட்டம் லயத்துக்குள் நுழைந்தது.

கர்ணனை நம் மக்கள் மன்னித்தார்கள். செஞ்சோற்றுக் கடன் என்றார்கள். ஆனால் கர்ணன் கடனைத் தன் உயிரால் தீர்த்தான். அடுத்த வீட்டாரின் சேமநிதியால் அல்ல.

அதற்காக எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்த நாம் விரும்பவில்லை. தெரியாமல் சேர்த்த நாள் வேறு. பணம் முதன்முதலாகத் தாமதமான பிறகு, 'கேட்டால் எல்லாரும் பயந்துவிடுவார்கள்' என்று வாயை மூடிக்கொண்டு இன்னும் இருவரைச் சேர்த்த நாள் வேறு. முதலாவது அறியாமை. இரண்டாவதில் அவர் தம் பணத்தை மீட்கப் பிறர் பணத்தைக் கேட்கிறார். சட்டமும் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. பிரமிட் திட்டத்தைப் பரப்புவதே குற்றம். அனுமதியின்றி வைப்புத்தொகை வாங்கினால், 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி பத்தாண்டு வரை சிறையும் ஐந்து கோடி வெள்ளி வரை அபராதமும் உண்டு.

தோட்டத்து மக்களிடம் பணம் திரட்டுவதே தவறென்று யாரும் எண்ண வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணம் தோட்டமாகவும் மரமாகவும் நிற்பதைப் போய்ப் பார்க்க முடிந்தது. "எங்கள் பணம் எங்கே நிற்கிறது?" என்ற கேள்வியைப் பொருளாளரிடமும் கேட்டிருக்கலாம்; பெரியவரிடம் கேட்பது மரியாதையல்ல என்று விட்டுவிட்டார்கள்.

இனி அவரை என்ன செய்வது? மன்னிப்பது நம் வேலையல்ல, கமிட்டியின் வேலையும் அல்ல. அது அந்த அம்மாளின் உரிமை. அவரிடம் போய் நிற்பதற்கு முன் வாங்கிய கமிஷன் காசு திரும்பியிருக்க வேண்டும். தாம் சேர்த்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். போலீஸில் புகார் கொடுக்கத் துணையாகப் போயிருக்க வேண்டும். அதுவரை அவர் உண்டியல் எண்ண உட்காராமல் இருப்பதே முறை. ஆனால் அவர் வீட்டுத் துக்கத்துக்கு நாம் போகத்தான் வேண்டும். அவர் பிள்ளை பள்ளிக்கு வருகிறது. "உங்கப்பாதானே எங்க பாட்டி காசைக் கொண்டுபோனது?" என்று வகுப்பில் இன்னொரு பிள்ளை கேட்டால், அந்தக் கேள்வி நம் வீட்டுச் சமையலறையிலிருந்து போனதா என்று பெற்றோர்களே பார்த்துக்கொள்ளுங்கள்.