கெணத்துல பெட்ரோல் வாடை, சோதிச்சதோ உப்பு!

(வட்டாட்சியர் அலுவலகம் முன்பு நடந்த தர்ணாவில் சங்கச் செயலாளர் பேசியது)



நாம் இன்று இங்கே உட்கார்ந்திருப்பது கடன் தள்ளுபடி கேட்டு அல்ல, வறட்சி நிவாரணம் கேட்டும் அல்ல. எங்க கெணத்துத் தண்ணியில என்ன கலந்திருக்குன்னு சொல்லுங்க என்று கேட்கத்தான் வந்திருக்கிறோம்.

நாலுவழிச் சாலையோரப் பெட்ரோல் பங்க்குக்குத் தாழ்வான பக்கத்தில் நமக்கு ஏழு கிணறுகள். மோட்டார் போட்டால் வாய்க்கால் தண்ணீரில் கலர் கலராகப் படலம் மிதக்கிறது. மாடு மோந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. மனு கொடுத்தோம். வந்தார்கள், பிளாஸ்டிக் கேனில் பிடித்துப் போனார்கள். இருபது நாள் கழித்துக் காகிதம் வந்தது: உப்பு, கடினத்தன்மை, புளோரைடு எல்லாம் அளவுக்குள் இருக்கிறதாம், நல்ல தண்ணீராம்!

ஐயா, நாங்க உப்புக்கா மனு கொடுத்தோம்? வயித்துவலிக்காரனுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுன்னு சீட்டு எழுதின கதையால்ல இருக்கு!

பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. பூமிக்குள் இருக்கும் டேங்க்கோ குழாயோ கசிந்தால், மண்ணில் இறங்கி நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். அதிலுள்ள பென்சீன் தண்ணீரில் கரைந்து, நீர் ஓடும் திசையிலேயே போகும். நாம் மோட்டார் போட்டு இறைக்க இறைக்க, நம் கிணற்றுப் பக்கமே அதை இழுக்கிறோம். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கிராம் பென்சீன் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அதனால வாடை வராத கெணறும் நல்ல கெணறுன்னு நம்ப முடியாது.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கதை அல்ல. 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டு போர்வெல்களில் எரிபொருள் வந்தது.

பங்க்காரர்தான் குற்றவாளி என்று நாம் தீர்ப்பு எழுதவில்லை. அவரிடம் கடனுக்கு டிராக்டர் டீசல் வாங்குகிறவர்கள் நம்மில் பலர். கையெழுத்துப் போடத் தயங்கியவர்களும் உண்டு. அவர்களுக்கும் சொல்கிறோம்: ஒழுங்காகச் சோதித்தால், தப்பு இல்லையென்றால் அவருக்கும் நல்லதுதானே?

நம் கோரிக்கைகள்:

1. பங்க்கைச் சுற்றிக் கண்காணிப்புக் குழாய்க் கிணறுகள் போட வேண்டும். மேட்டுப் பக்கம் ஒன்று, தாழ்வான பக்கம் மூன்றாவது வேண்டும். மேட்டிலும் தாழ்விலும் எடுத்த தண்ணீரை ஒப்பிட்டால்தான் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும்.

2. குழாயின் துளைகள் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்க வேண்டும். அடியில் மட்டும் துளை போட்டால் மிதக்கும் எண்ணெய் உள்ளே வராது.

3. பென்சீன் முதலான எரிபொருள் பொருட்களுக்குச் சோதனை வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் காற்று இல்லாமல் முழுக்க நிரப்பி, ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் கேனில் பாதி நிரப்பினால், ஆய்வகம் போவதற்குள் ஆவியாகிவிடும்.

4. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நம் முன்னிலையில் எடுத்து, முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மண்ணில் ஒட்டிய எண்ணெய், மழையில் மட்டம் ஏறும்போது மறுபடி கிளம்பும். ஒருமுறைச் சோதனை போதாது.

5. டேங்க்கின் அழுத்தச் சோதனையும் இருப்புக் கணக்கும் காட்டப்பட வேண்டும். முடிவு வரும்வரை ஏழு குடும்பத்துக்கும் லாரித் தண்ணீர் தர வேண்டும்.

செலவு யாருடையது என்பார்கள். கெடுத்தவரே கொடுக்க வேண்டும் என்று 1996-லேயே வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2010-ஆம் ஆண்டு பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி இழப்பீடு கேட்க 5 வருடம்தான் கெடு. ஆகவே வாடை வந்த நாள், படலம் கண்ட நாள், எல்லாவற்றையும் இன்றே நோட்டில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று, தம்பிகளே! வாடை வருகிற கிணற்றில் தூர்வார இறங்காதீர்கள். பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள். உயிர் போனால் எந்த மனுவும் மீட்டுத் தராது.

தண்ணி கெட்டா நெலம் கெட்டுது. நெலம் கெட்டா நாம எங்கே போறது? சரியான சோதனைக்கு உத்தரவு எழுத்தில் வரும்வரை இந்தப் பந்தலை விட்டு எழமாட்டோம்.

ஒன்றுபடுவோம்! நம் தண்ணீரைக் காப்போம்!