தாவூ, சாச்சா, ஃபூஃபா

தமிழில் ஒருவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டால், அவர் அப்பாவின் தம்பியாகவும் இருக்கலாம், சித்தியின் கணவராகவும் இருக்கலாம். இந்தியில் அந்த மயக்கமே கிடையாது. அப்பாவின் அண்ணன் தாவூ, தம்பி சாச்சா. அம்மாவின் அண்ணனோ தம்பியோ மாமா. அப்பாவின் சகோதரியான ஃபூஃபியின் கணவர் ஃபூஃபா. அம்மாவின் அக்கா, தங்கை யாராயிருந்தாலும் மௌசி, அவர் கணவர் மௌசா. உருது பேசும் வீடுகளில் தாவூவைத் தாயா என்பார்கள், மாமாவை மாமூ என்பார்கள். மௌசாவின் இடத்தில் காலாவின் கணவரான காலூ இருப்பார். காலா என்றால் அம்மாவின் சகோதரி, அரபியிலிருந்து வந்த சொல்.

இந்தச் சொற்களில் ஓர் அழகான ஒழுங்கு உண்டு. யார் ரத்த உறவோ அவர் பெயர்தான் வேர். சாச்சாவைக் கட்டியவர் சாச்சி, மாமாவைக் கட்டியவர் மாமி. அதே கணக்கில் ஃபூஃபியைக் கட்டியவர் ஃபூஃபா, மௌசியைக் கட்டியவர் மௌசா. மனைவியின் பெயரை ஒட்டிக் கணவன் பெயர் பெறுகிறான்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஃபூஃபா அந்த வீட்டின் பழைய மாப்பிள்ளை. அதனால் கல்யாணங்களில் அவருடைய மாப்பிள்ளை முறுக்கு பேர்போனது. மாமாவோ நேர்மாறு, கொடுக்கும் கை அவருடையது. ராஜஸ்தானில் சகோதரியின் பிள்ளைக்குத் திருமணம் என்றால் அவர் மாய்ரா என்ற சீரோடு வருவார். சகோதரி வாசலில் நின்று அவருக்குத் திலகமிட்டு ஆரத்தி எடுப்பாள். அவர் அவள் தலையில் சுன்ரி என்ற முக்காட்டுத் துணியைப் போர்த்துவார். நம் தாய்மாமன் சீரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வெளியேயும் இவை வாழ்கின்றன. நேரு குழந்தைகளுக்குச் சாச்சா. 1989-இல் துணைப் பிரதமரான ஹரியானாவின் தேவிலாலை மக்கள் தாவூ என்றே அழைத்தார்கள். நிலா அங்கேயும் மாமாதான்.

இன்று வட இந்திய ஊர்களிலும் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு எல்லாரும் ‘அங்கிள்’. அப்பா வழியா, அம்மா வழியா, அண்ணனா, தம்பியா, பிறந்தவரா, வந்தவரா என்று அந்த ஒரு சொல் எதையும் சொல்வதில்லை. இது பெரிய இழப்பு என்றே நான் நினைக்கிறேன். வடக்கே வேலைக்குப் போயிருக்கும் நேயர்களே, ஒரு நண்பரின் வீட்டில் பெரியவர் ஒருவரை அங்கிள் என்று கூப்பிடும் முன், அவர் என்ன முறை என்று நண்பரிடம் கேட்டுவிட்டு, அந்த முறை சொல்லியே கூப்பிடுங்கள்.