வாசலில் ஒரு தண்ணீர்ப் பந்தல்

(வெயில் காலத்தைப் பற்றிய தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, வெயில் காலத்தில் வீட்டுத் தோட்டத்து உயிர்கள். தோட்டம் என்றதும் நம்மவர்களுக்கு ரப்பர் தோட்டமும் செம்பனைத் தோட்டமும்தான் முதலில் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது அவற்றைப் பற்றி அல்ல. வரிசை வீட்டு வாசலில் நாலு பூந்தொட்டி, வேலியோரம் ஒரு கறிவேப்பிலை, பின்பக்கம் ஒரு வாழை. இன்று நம்மில் பலருக்கு இவ்வளவுதான் தோட்டம். அந்தச் சின்ன இடத்தை நம்பியும் மைனா, கொண்டைக்குருவி, தேன்சிட்டு, புள்ளிப்புறா, அணில், ஓணான், தேரை, வண்ணத்துப்பூச்சி என்று ஒரு பெரிய குடும்பமே வாழ்கிறது. வாடகை கொடுக்காத குடும்பம். ஆனால் கொசுவையும் பூச்சியையும் தின்று, பூவுக்கு மகரந்தம் சேர்த்து, வாடகைக்கு மேலேயே வேலை செய்கிற குடும்பம்.

வெயில் எவ்வளவு?

நம் நாட்டில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பம் 40.1 பாகை செல்சியஸ். 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் பதிவானது. அது எல் நினோ ஆண்டு. 2016இலும் எல் நினோ வந்தது. அந்த ஏப்ரலில் பெர்லிஸிலும் கெடாவிலும் வெயிலின் கடுமையால் பள்ளிகளையே மூடினார்கள். மாணவர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னோம். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னோம்.

வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையை நான் தொலைக்காட்சியில் வாசிப்பதுண்டு. ஓரிடத்தில் தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 பாகை வரை வெப்பம் இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை. 37இலிருந்து 40 வரை போனால் வெப்ப அலை. "குடை எடுத்துச் செல்லுங்கள், வெளியில் அதிகம் நடமாடாதீர்கள்" என்று நாம் மனிதர்களுக்குச் சொல்லி முடித்துவிடுகிறோம். குடை பிடிக்க முடியாதவர்களுக்கு யார் சொல்வது?

முன்பு தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி மரம் இருந்தது. மண் தரை இருந்தது. பக்கத்தில் ஓடை இருந்தது. இன்றைய வீடமைப்புப் பகுதியில் வாசல் முழுவதும் சிமெண்டு அல்லது ஓடு. பகலில் வாங்கிய சூட்டை அது இரவு வரை கக்கிக்கொண்டே இருக்கிறது. மூடிய கால்வாய், மூடிய தொட்டி. ஒரு குருவி இறங்கிக் குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது.

அவை எப்படித் தாங்குகின்றன?

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. நமக்கு வியர்த்து உடம்பு குளிர்வது போல அவற்றுக்கு நடக்காது. நண்பகலில் மைனா வாயைத் திறந்தபடி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பசியால் அல்ல. மூச்சு வழியாக ஈரத்தை வெளியேற்றி உடம்பைக் குளிர வைக்கிறது. அப்படி மூச்சு வாங்க வாங்க உடம்பிலுள்ள தண்ணீர் குறைகிறது. அதைத் திரும்ப நிரப்பக் குடிநீர் வேண்டும்.

தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரமான இடத்தில் உட்கார்ந்து தோல் வழியாக, குறிப்பாக வயிற்றுப் பக்கத் தோல் வழியாக, நீரை உறிஞ்சிக்கொள்கிறது. காய்ந்த சிமெண்டுத் தரை அதற்குப் பாலைவனம். தேனீக்களோ தங்களுக்காக மட்டும் தண்ணீர் தேடுவதில்லை. கொண்டுவந்த நீரைக் கூட்டுக்குள் துளித் துளியாகப் பரப்பி, இறக்கையால் விசிறுகின்றன. ஈரம் காயும்போது கூடு குளிர்கிறது. நம் வீட்டுக் குளிர்சாதனத்துக்கு முன்பே அவை கண்டுபிடித்த குளிர்சாதனம்!

ஆகவே அவற்றுக்கு இரண்டு தேவைகள். தண்ணீர், நிழல். கேட்பதற்கு எளிது. ஆனால் தண்ணீர் என்று சொன்னதுமே நம் நாட்டில் ஒரு சிக்கல் எழுகிறது.

புண்ணியமா, புழுவா?

நேயர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, குருவிக்குத் தண்ணீர் வைக்க ஆசைதான். சுகாதார அதிகாரி வந்து அபராதம் எழுதினால் யார் கட்டுவது?" சிரிப்பாக இருந்தாலும் நியாயமான கேள்வி.

டிங்கிக் காய்ச்சல் நமக்குப் புதிதல்ல. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டிங்கியால் பாதிக்கப்பட்டார்கள். இரு ஆண்டுகளிலும் சேர்த்து 200க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதைவிட, நம் வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரையே விரும்புகிறது. பூந்தொட்டியின் அடித்தட்டு போதும். தேங்காய்ச் சிரட்டை போதும். குருவிக்கு வைத்த தட்டும் போதும்.

1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் இருக்கிறது. வீட்டு வளாகத்தில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 500 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படலாம். நீதிமன்றம் போனால் தண்டனை இன்னும் கடுமை. அதிகாரி வந்து பார்ப்பது புழுவை. நாம் புண்ணியத்துக்காக வைத்தோமா, மறந்து வைத்தோமா என்பதை அல்ல.

அப்படியானால் தண்ணீர் வைக்கவே கூடாதா? தாராளமாக வைக்கலாம். கணக்கைப் பாருங்கள். ஏடிஸ் கொசு இட்ட முட்டை பொரித்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். தினமும் கொட்டி மாற்றுகிற தண்ணீரில் அதற்கு அந்த ஒரு வாரம் கிடைக்காது. ஆபத்து தண்ணீரில் இல்லை. மறந்துபோன தண்ணீரில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கொசு தன் முட்டையைத் தண்ணீரின் விளிம்பை ஒட்டி, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டவைக்கிறது. தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும். காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது. பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டும்.

வைப்பதைவிட மாற்றுவதே தர்மம்

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகிறவர்கள் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தலைப் பார்த்திருப்பீர்கள். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் காவடி தூக்கி வருகிறவருக்கு அங்கே மோர் கிடைக்கும், சர்பத் கிடைக்கும். அந்தப் பந்தலின் பெருமை அண்டாவில் இல்லை. காலை முதல் இரவு வரை அங்கே நின்று, குவளையைக் கழுவி, தீர்ந்ததும் நிரப்பி, முடிந்ததும் இடத்தைக் கூட்டிவிட்டுப் போகிற ஆளிடம் இருக்கிறது. ஆள் இல்லாத பந்தல் ஈ மொய்க்கும் இடமாகிவிடும். வாசலில் குருவிக்கு வைக்கும் தட்டும் அப்படித்தான். கூடவே ஓர் ஆள் வேண்டும்.

அதற்குப் பெரிய செலவில்லை. அகலமான மண் தட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆழம் வேண்டாம். 2 அல்லது 3 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால் போதும். நடுவில் சில கூழாங்கற்களை நீருக்கு மேலே தலைகாட்டும்படி போடுங்கள். தேனீயும் சின்னப் பூச்சியும் அதில் நின்று குடிக்கும். கல் இல்லாவிட்டால் மூழ்கிவிடும். வாளியையும் ஆழமான தொட்டியையும் திறந்து வைக்காதீர்கள். தண்ணீர் குடிக்க இறங்கும் அணிலும் குஞ்சும் ஏற வழியில்லாமல் இறந்துபோகும்.

தட்டை நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்த தண்ணீர் பத்து மணிக்கே சுடத் தொடங்கிவிடும். உலோகத் தட்டு வேண்டாம், காலைச் சுடும். பூனை பதுங்கியிருக்கக்கூடிய புதருக்குப் பக்கத்தில் வைக்காமல், சற்று உயரத்தில், பறவை நாலு பக்கமும் பார்க்கும்படி வையுங்கள். தேரைக்கு வேண்டுமானால் தரையில், செடியடியில் மண்ணை ஈரமாக வைத்தால் போதும்.

காலையில் பல் துலக்கியதும் தட்டை நிரப்புங்கள். மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் மிச்சத்தைச் செடிக்கு ஊற்றி, தட்டைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். இரண்டும் சேர்த்து ஐந்து நிமிடம். உப்பு, சர்க்கரை எதுவும் கலக்க வேண்டாம். வெறும் தண்ணீரே போதும். வாரத்தில் 10 நிமிடம் ஒதுக்கி வீட்டைச் சுற்றிக் கொசுப்புழுவைத் தேடச் சொல்லி சுகாதார அமைச்சு வலியுறுத்தி வருகிறது. அந்த 10 நிமிடத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியூர் போகிறீர்களா? தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். குருவி வேறு இடம் தேடிக்கொள்ளும். நாலு நாள் தேங்கிய தண்ணீரைவிடக் காலித் தட்டே மேல்.

"சிலாங்கூரில் 2014இல் பங்கீட்டுத் தண்ணீருக்கு வாளியோடு நின்றோமே, நமக்கே இல்லாதபோது குருவிக்கா?" என்று கேட்பவர்கள் இருக்கலாம். ஒரு தட்டுக்கு அரை லிட்டர் கூடச் செலவாகாது. அதுவும் மாலையில் செடிக்குத்தான் போகிறது.

நிழலும் ஒரு தானம்தான்

நம் வீட்டுக் கறிவேப்பிலையைச் சமையலுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். அதன் பழத்தைக் கொண்டைக்குருவியும் குயிலும் தேடி வந்து தின்னும். அதன் இலையில் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். பச்சைப் புழு நாலு இலையைக் கடித்துவிட்டது என்று மருந்து அடித்தால் அடுத்த வாரம் பறக்க வேண்டிய வண்ணத்துப்பூச்சியும் போச்சு, அந்தப் புழுவை நம்பிய குருவிக் குஞ்சும் போச்சு. செம்பருத்தியும் இட்லிப்பூவும் தேன்சிட்டுக்கு விருந்து. பூவின் தேனிலேயே அதற்குத் தண்ணீரும் கிடைத்துவிடுகிறது.

வறட்சிக் காலத்தில் மரத்தை மொட்டையடிக்காதீர்கள். புல்லை ஒட்ட வெட்டாதீர்கள். உதிர்ந்த இலையைச் செடியடியிலேயே மெல்லிய போர்வையாகப் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கப்படும். தேரைக்கும் பூச்சிக்கும் அது குளிர்ந்த வீடு. கொண்டைக்குருவி பூந்தொட்டியில் கூடு கட்டும். தேன்சிட்டு வாசலில் தொங்கும் கம்பியில் கூடக் கூட்டைத் தொங்கவிடும். அப்படி வந்து தங்கியிருந்தால், குஞ்சு பறக்கும்வரை அந்தத் தொட்டியை நகர்த்தாதீர்கள். நிழலிலிருந்து வெயிலுக்கு ஓரடி தள்ளி வைத்தாலே குஞ்சு தாங்காது.

சோறு வைக்கலாமா?

காக்கைக்குச் சோறு வைத்து உண்பது நம் வழக்கம். அமாவாசைக்கு ஒரு பிடி வைப்பதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் தினமும் ஐந்தடி வழியில் சோற்றைக் கொட்டினால் குருவிக்கு முன்பே எலி வந்துவிடும். புறாவும் காகமும் பெருகி அக்கம்பக்கத்தாருக்கும் தொல்லை. சிங்கப்பூரில் 2020 ஜூன் முதல் காட்டுயிர்களுக்கு உணவளிப்பதே குற்றம். முதல் முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம். உணவை அவை தாமே தேடிக்கொள்ளும். வெயில் காலத்தில் அவற்றுக்குக் கிடைக்காதது தண்ணீரும் நிழலும்தான்.

வெயிலில் ஒரு குருவி மயங்கிக் கிடந்தால், பதற்றத்தில் அதன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கி அதுவே உயிரைப் பறித்துவிடும். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், துணி விரித்து, அமைதியான நிழலில் வையுங்கள். பக்கத்தில் ஆழமில்லாத மூடியில் தண்ணீர் இருக்கட்டும். தெளிந்தால் தானே பறந்துவிடும். குளிர்ச்சி தேடிக் குளியலறைக்குப் பாம்பு வந்துவிட்டால் வீரம் காட்டாமல் கதவைச் சாத்திவிட்டு 999க்கு அழையுங்கள்.

நேயர்களே, முல்லைக் கொடிக்குத் தேரைக் கொடுத்தான் பாரி. ஆண்டுதோறும் மேடையில் அந்தக் கதையைச் சொல்லி நாம் கைதட்டுகிறோம். நம்மிடம் யாரும் தேரைக் கேட்கவில்லை. ஒரு தட்டும், தினமும் ஐந்து நிமிடமும்தான் கேட்கிறார்கள். அந்த வேலையை வீட்டுப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். காலையில் நிரப்பு, மாலையில் தேய்த்துக் கவிழ்த்து வை என்று சொல்லிக் கொடுங்கள். இரக்கப்படுவதைப் பிள்ளைகள் எளிதில் கற்றுக்கொள்வார்கள். இரக்கப்பட்டதை நாளை காலையும் மறக்காமல் செய்வதைத்தான் நாம் பழக்கிவிட வேண்டும்.

அடுத்த வெப்ப எச்சரிக்கையை நான் வாசிக்கும்போது உங்கள் வாசலில் தட்டு ஒன்று இருக்கட்டும். அதில் அன்றைய தண்ணீர் இருக்கட்டும்.