கைபேசிச் சேதியும் கழனி வேலையும்



மூலக்குளத்திலிருந்து வில்லியனூர் தாண்டிப் போனால், கைபேசி இல்லாத வீடு இன்று அபூர்வம். பொழுது விடிந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு சேதி வரும்: “இந்த மருந்தை அடிங்க, குருத்துப்பூச்சி அடியோடு போயிடும்!” நம்பலாமா, கூடாதா? அதைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

விஞ்ஞானச் சேதி ஊருக்குள் வருவது புதிதல்ல. 1960-களில் ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி வானொலியில் கேட்டுப் பயிரிட்ட தஞ்சை விவசாயிகள், அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து, நம்ம கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. உங்களுக்கு என்ன தகவல் வேணும் என்று முதலில் ஜனங்களைக் கேட்டார்கள். வீராம்பட்டினம் மீனவர்கள் கேட்டது கடலலையின் உயரம். அது கம்ப்யூட்டரில் வந்து, ஒலிபெருக்கியில் தமிழில் ஒலித்தது.

2006-இல் தொடங்கிய ‘டிஜிட்டல் கிரீன்’ முயற்சியில், கர்நாடகக் கிராமங்களில் விவசாயிகளையே படம் பிடித்துப் பக்கத்து விவசாயிகளுக்குக் காட்டினார்கள். நடுவில் படத்தை நிறுத்தி, சந்தேகம் கேட்க வைத்தார்கள். வெறுமனே ஆள் போய்ச் சொன்னதைவிடப் பல மடங்குப் பேர் புது முறையைக் கடைப்பிடித்தது ஆய்வில் தெரிந்தது. ஆராய்ச்சியாளர்கள் இன்று வற்புறுத்துவதும் இதைத்தான்: சொல்வது மட்டும் போதாது, கேட்பவர் திருப்பிக் கேட்க வழி வேண்டும்.

கைபேசியில் சுற்றி வரும் சேதியில் அந்த வழிதான் இல்லை. அனுப்பியவரைக் கேட்டால், “எனக்கும் வந்தது, அனுப்பினேன்” என்பார். அதை நம்பித் தேவையில்லாமல் மருந்து அடித்தால், பூச்சியைத் தின்னும் சிலந்தியும் தட்டானும் செத்துப்போகும். பிறகு புகையான் பெருகும். மருந்துச் செலவும் போய், மகசூலும் போகும்.

ஆகவே, சேதி வந்தால் மூன்று கேள்வி கேளுங்க. சொன்னது யார், எந்த ஊர்? எந்தப் பயிருக்கு, எத்தனை நாள் வயதில்? ஏக்கருக்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு தண்ணீர்? இதற்குப் பதில் இல்லையென்றால் தெளிப்பானைத் தொடாதீங்க.

பயிரைப் படம் எடுத்துக்கொண்டு குரும்பாபேட்டில் உள்ள காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் காட்டலாம். 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்தில் காலை 6 மணி முதல் இரவு 10 வரை தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் கிடையாது. கிடைத்த பதிலை அதே குழுவில் போட்டுவிடுங்கள். உங்கள் ஒரு வரி, பக்கத்து வயலையும் காப்பாற்றும்.