காலாண்டு மார்க்கைப் பார்த்து நிறுத்திடாதீங்க

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், உறுப்பினர்களின் மகள்கள் சேர்ந்து பேசியது)



நம்ம ஊரிலிருந்து 2023 ஜூன் மாதம் ஒன்பது பொண்ணுங்க பிளஸ் ஒன் சேர்ந்தோம். 2025-ல் ஏழு பேர் பிளஸ் டூ முடித்தோம். இன்னைக்கு உங்க முன்னாடி நிற்பது அந்த ஏழு பேர்தான். எல்லோரும் கல்லூரியில் படிக்கிறோம். நாங்க கெட்டிக்காரிங்க என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. அந்த ரெண்டு வருஷம் எப்படி இருந்தது என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம். ஏன்னா, இந்த வருஷமும் நம்ம குழு வீடுகளிலிருந்து பிள்ளைங்க பிளஸ் ஒன் போகுதுங்க.

பத்தாவது வரைக்கும் உள்ளூர்ப் பள்ளி. மேல்நிலைப் பள்ளி 11 கிலோமீட்டர் தள்ளி. காலையில் 7.10 பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் ஒன்பதரைக்குத்தான். சாயந்திரம் ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு வீடு வந்து சேர ஏழு மணி ஆகும். அப்புறம் தண்ணி எடுத்து, பாத்திரம் கழுவி, சோறு வடிச்சு, புத்தகத்தைத் திறக்கும்போது மணி ஒன்பது. கண்ணு சொருகும்.

குரூப் என்றால் உங்களுக்கு நம்ம சங்கம். எங்களுக்கு அது பாடப் பிரிவு. சேரும்போதே எந்தக் குரூப் என்று கேட்பாங்க. கணக்கு உள்ள குரூப் எடுத்தால் இன்ஜினியரிங் போகலாம். உயிரியல் உள்ள குரூப் எடுத்தால் நர்சிங், டாக்டர் படிப்புக்கு வழி உண்டு. வணிகவியல் எடுத்தால் பி.காம்., ஆடிட்டர் படிப்பு. அந்த ஒரு நாளில் எடுக்கிற முடிவு பின்னாடி எத்தனையோ கதவைத் திறக்கும், மூடும். எங்களில் பாதிப் பேர் பக்கத்துப் பெஞ்சுக்காரி எதை எடுத்தாளோ அதையே எடுத்தோம். வீட்டில் விவரம் சொல்ல ஆள் இல்லை.

பத்தாவதில் அறிவியல் ஒரே பாடம். பிளஸ் ஒன்னில் அதே அறிவியல் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் ரெண்டு தொகுதிப் புத்தகம். மூட்டை தூக்குகிற மாதிரி இருந்தது. பத்தாவதில் 500-க்கு 400-க்கு மேல் வாங்கினவள் காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் பெயில். ஒருத்தி இல்லை, எங்க ஒன்பது பேரில் ஆறு பேர் ஏதோ ஒரு பாடத்தில் பெயில்.

தாய்மார்களே, இந்த இடத்தைத்தான் நீங்க கவனிக்கணும். அது பிள்ளைக்குப் படிப்பு ஏறாததால் இல்லை. பாடம் திடீர்னு பெருசாகுது, பள்ளி புதுசு, தூரம் புதுசு, தூக்கம் குறைவு. அரையாண்டில் நாலு பேர் தேறினார்கள். ஆண்டுத் தேர்வில், படிப்பைத் தொடர்ந்த எட்டு பேரும் பாஸ். விதை போட்ட மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்க்கிறோமா? முளைக்க நாள் கொடுக்கிறோம் இல்லையா?

ஆனால் எங்களில் ஒருத்திக்கு அந்த நாள் கிடைக்கவில்லை. காலாண்டு மார்க் வந்ததும், "படிப்பு வரல, எதுக்குப் பஸ்ஸுக்கு அலையணும்" என்று மில்லுக்கு அனுப்பிட்டாங்க. பத்தாவதில் எங்க எல்லோருக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

இன்னொருத்திக்குப் பிளஸ் டூ படிக்கும்போது 17 வயசில் மாப்பிள்ளை பார்த்தாங்க. யாரோ 1098-க்குப் போன் பண்ணி, அதிகாரிகள் வந்து கல்யாணத்தை நிறுத்தினாங்க. சட்டப்படி பெண்ணுக்கு 18 வயசு முடியணும், அது சரி. ஆனால் ஊர்ப் பேச்சுக்குப் பயந்து அவள் அதுக்கப்புறம் பள்ளிக்கே வரவில்லை. கல்யாணத்தை நிறுத்த ஆள் வந்தது. அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட ஒருத்தரும் வரவில்லை. அந்த வேலையைச் சங்கம் செய்யலாம் என்பது எங்க எண்ணம்.

இன்னொரு விஷயம். பிளஸ் ஒன்னுக்கு 2018-லிருந்து அரசுப் பொதுத் தேர்வு இருந்தது. 2025-26 கல்வி ஆண்டிலிருந்து அதை எடுத்துட்டாங்க. பப்ளிக் இல்லைதானே என்று களையெடுக்கவும் கடலை பறிக்கவும் பிள்ளையை நிறுத்தாதீங்க. பிளஸ் ஒன் பாடம் புரியலைன்னா பிளஸ் டூ பாடம் புரியாது. நீட் தேர்விலும் ரெண்டு வருஷப் பாடத்திலிருந்தும் கேள்வி வரும். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10 மார்க். லேப்புக்குப் போகாத பிள்ளைக்குச் செய்முறை மார்க் எங்கிருந்து வரும்? அக மதிப்பீட்டில் வருகைப் பதிவுக்கும் மார்க் உண்டு.

சங்கத்திடம் நாங்க கேட்பது இவைதான்:

ஒன்று, அரையாண்டுத் தேர்வு முடியும் முன்னே எந்தப் பிள்ளையையும் நிறுத்துவதில்லை என்று ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் எழுதணும்.

ரெண்டு, பெற்றோர் கூட்டத்துக்கு வேலை நாளில் எல்லோராலும் வர முடியாது. குழுவுக்கு ஒருத்தர் முறை வைத்து வாங்க. ஆசிரியரிடம் எல்லாப் பிள்ளைகளையும் விசாரிச்சு வந்து சொல்லுங்க.

மூணு, ராத்திரி ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை எங்களுக்கு விட்டுடுங்க. பாத்திரத்தைத் தம்பியும் கழுவலாம், கை தேயாது.

நாலு, சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூணையும் பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னாடியே இ-சேவை மையத்தில் வாங்கி வையுங்க. ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் தேதி தாண்டிப் போகுது.

அஞ்சு, மே, ஜூன் மாதத்தில் உள்கடனில் கல்லூரிச் சேர்க்கைக்கு முதல் இடம் கொடுங்க. கந்துக்காரரிடம் போக வேண்டாம். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பொண்ணுக்குக் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருது. 2022-ல் தொடங்கிய திட்டம் அது. எங்க ஏழு பேருக்கும் வருது. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அது போதுமானதா இருக்கு. ஆனால் பிளஸ் டூ வாசலைத் தாண்டினால்தான் அந்தப் பணம்.

கடைசியா ஒன்று. அந்த ரெண்டு தோழிகளுக்கும் இன்னும் வயசு போயிடல. தனித்தேர்வராகப் பரீட்சை எழுத வழி உண்டா என்று பள்ளியில் விசாரிக்கலாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னாடி நாலு பேர் அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசுங்க. பாடம் சொல்லிக் கொடுக்க நாங்க ஏழு பேரும் தயார்.